ரெண்டு முடிச்சுக்கு நான் பட்ட பாடு

பேலர் மெஷின் ரிப்பேர் பார்க்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: மெஷின் ஓடுகிற வரைக்கும் நாம் உயிரோடு இருக்கிறோமா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், நின்றுபோனால் ஐந்து நிமிஷத்தில் ஒன்பது மிஸ்டு கால். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெல் அறுத்த வயலில் டிராக்டருக்குப் பின்னால் போய், வைக்கோலை அள்ளி அமுக்கிச் சதுரக் கட்டாகப் போடுவது பேலர். ஒரு கட்டுக்கு ரெண்டு கயிறு, ரெண்டு முடிச்சு. முடிச்சைப் போடுகிற அமைப்புக்கு நாட்டர் என்று பெயர். அதில் கிளிமூக்கு மாதிரி ஒரு கொக்கி. அது ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றைக் கவ்வும், முடிச்சு விழும், கத்தி வெட்டும். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தப்பு எங்கே நடந்தது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் மெஷின் பார்த்தவள். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற மெஷின்தான். அந்தத் திமிரில்தான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு விவசாயக் கருவிக் கடையில் மெக்கானிக் வேலைக்குப் போனேன். முதலாளி சின்னுசாமி அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்த அறுப்பு முடியறதுக்குள்ள முடிச்சு பிடிபட்டாச் சரிங்க அம்மணி. இல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து வேற ஆளைப் போட்டுக்கறேன், நீங்க பில் போடற சீட்டுக்குப் போயிருங்க." பில் சீட்டு என்றாலே எனக்கு வேப்பங்காய். நாளெல்லாம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பிரிண்டரோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது.

சுத்தக்காரர்

முதல் அழைப்பு, கோபிக்குப் பக்கத்திலேயே. இடது பக்க முடிச்சு அவிழ்ந்துபோகிறதாம். இந்தத் தொழிலில் முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, அவிழ்ந்து விழுந்த கட்டை. கயிற்று நுனி பிசிறாக இருந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது. ஒரு நுனியில் முடிச்சும் இன்னொரு நுனி வெறுமனேயும் இருந்தால், கயிற்றைப் பிடித்துக்கொள்கிற தகடு தளர்ந்திருக்கிறது. நுனியைப் படித்தால் நோய் தெரிந்துவிடும்.

நான் போவதற்குள் அந்த விவசாயி அவிழ்ந்த கட்டுகளையெல்லாம் அள்ளிக் கையாலேயே கட்டி அடுக்கி, அறுந்த கயிற்றையெல்லாம் கூட்டிக் கொளுத்தியும்விட்டார். "வாரவங்க கண்ணுல குப்பை படக்கூடாதுங்கள்ல?" என்று சிரிக்கிறார் மனுஷன். என்னத்தைச் சொல்ல! குருட்டாம்போக்கில் கண்ணில் பட்ட ஸ்க்ரூவையெல்லாம் முறுக்கினேன். கொக்கியின் ஸ்ப்ரிங் இறுகிப்போய், வலது பக்க முடிச்சும் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு அறுந்தது. அவர் முகம் கொஞ்சமும் கோணவில்லை. "மொதல்ல ஒரு பக்கந்தானுங்க அவுந்துச்சு. நீங்க வந்த பொறகு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிப்போச்சு, பரவால்லீங்க அம்மணி."

டீ கவர்

அன்றைக்கு வந்த ரோஷத்தில், கடைக்குப் பின்னால் கிடந்த பழைய பேலரோடு உட்கார்ந்துவிட்டேன். இன்ஜின் இல்லாமல், ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். கொக்கி எப்போது வாயைத் திறக்கிறது, தகடு எப்போது கயிற்றை விடுகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். மில்லில் ஒரு நூலின் ரெண்டு நுனியைச் சேர்த்தால் போதும். இங்கே பிதுங்கித் திமிறுகிற வைக்கோலை அடக்கிக்கொண்டே முடிச்சுப் போட வேண்டும். ரெண்டும் ஒன்று என்று நினைத்த என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஒரே ஒரு ஸ்க்ரூ, அரைச் சுற்று, பிறகு மூன்று கட்டு போட்டுப் பார்ப்பது. இதுதான் நான் கண்டுபிடித்த வழி. ஒரே நேரத்தில் ரெண்டைத் திருகினால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது.

அந்த நாட்களில் என் விரலும் சும்மா இருக்காது. கைக்கு அகப்பட்ட கயிற்றிலெல்லாம் நாட்டர் முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். பார்சல் டீ வாங்கி வருவதும் நான்தான். கவரின் வாயை நூலால் நானே கட்டி எடுத்து வருவேன். ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் ரஹீம் பாய் ஒரு நாள் கவரோடு என் முன்னால் வந்து நின்றார். "மெஷினுக்குத்தான் அக்கா முடிச்சு நிக்கல, உங்களுக்கு நல்லாவே நிக்குது, இதை அவுக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு."

பூஜை போட்ட மெஷின்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். முந்தா நாள் வரைக்கும் நன்றாக ஓடிய பேலராம், இப்போது ஒரு முடிச்சுகூட விழவில்லையாம். போய்ப் பார்த்தால் மெஷினுக்குச் சாமந்தி மாலை, வாழைக்கன்று, கல்யாணக் கோலம். பொட்டு வைத்தவர் பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை. அசைகிற பாகம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். கொக்கியின் வாய்க்குள்ளேயே ஒரு உருண்டை சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. மூக்கு திறந்தால்தானே முடிச்சு விழும்!

பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். முதல் கட்டு கல்லுப் போல வந்து விழுந்ததும் துள்ளிக் குதித்தேன், வெட்கமே இல்லை. சின்னுசாமி அண்ணனிடம் சொன்னால், "அது ரிப்பேர் இல்லீங்க, பல் விளக்கி உட்டது" என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. மெஷின்காரருக்கோ வேறு கவலை. நான் தேய்க்கத் தேய்க்கப் பக்கத்திலேயே நின்று தவித்தவர், கடைசியில் சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க அம்மணி, ஆனா வெறும் நெத்தியா மட்டும் உட்டறாதீங்க, ஓடாத எடமாப் பாத்து ஒரே ஒரு பொட்டு வெச்சு உடுங்க."

கறுத்துக்கொண்டு வந்த வானம்

அறுப்பின் கடைசி வயல் அந்தியூர்ப் பக்கம். சரஸ்வதி அக்கா என்று ஒருவர், பதினான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். ஐந்து ஏக்கர் வைக்கோலும் வயலில் கிடக்கிறது. நனைந்தால் கறுத்துப்போகும், மாடு மோந்துகூடப் பார்க்காது. கோடைக்கு அவர் மாடுகளுக்கு வேறு தீனி கிடையாது. மேற்கே மழை இறங்கிவிட்டது. இடது பக்கம் கட்டு கட்டாக அவிழ்கிறது. போதாக்குறைக்குச் சின்னுசாமி அண்ணன் வேறு பரீட்சை பார்க்க வந்து வரப்பில் நிற்கிறார்.

ஓடிப்போய் அவிழ்ந்த கட்டின் கயிற்றைப் பார்த்தேன். ஒரு நுனியில் முடிச்சு இருந்தது, மற்றது வெறுமனே. தகடுதான்! அதன் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன். "கொக்கியையும் ஒரு முறுக்கு முறுக்குங்க!" என்று டிரைவர் கத்துகிறார். "ஸ்ப்ரிங்கையும் பாருங்க!" என்கிறார் அண்ணன். "ஒருத்தரும் பேசாதீங்க!" என்று போட்டேன் ஒரு சத்தம். முதலாளியை இப்படி அதட்டியவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான். முதல் கட்டு நின்றது. ரெண்டாவதும் நின்றது. மூன்றாவது அவிழ்ந்தது. அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் நுனியைப் பார்த்தேன், அதே நோய்தான். அதே ஸ்க்ரூ, இன்னும் அரைச் சுற்று. அதற்குப் பிறகு ஒரு கட்டுகூட அவிழவில்லை! வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி அண்ணனே தலையில் கட்டுகளைச் சுமந்து ஓடினார். கடைசிக் கட்டு கொட்டகைக்குள் போனபோது ஓட்டின் மேல் தடதடவென்று மழை.

அக்கா டீ கொண்டுவந்தார். முதலாளியாயிற்றே என்று சின்னுசாமி அண்ணன் கையை நீட்டினார். அக்கா டம்ளரை அவரிடமிருந்து நகர்த்தி என் பக்கம் கொண்டுவந்தார். "சித்த பொறுங்கண்ணா, மெக்கானிக் குடிக்கட்டும் மொதல்ல." அதுவரைக்கும் நான் போன எந்த வயலிலும் எனக்கு அம்மணி என்றுதான் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே சிரித்தார். "குடுங்க, குடுங்க, எங்க மெக்கானிக்கு அவுங்கதான்; கோயமுத்தூர்க்காரனை வர வேண்டாம்னு இப்பவே சொல்லிப்போடறேன்."

முடிச்சு எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஊரே சொல்கிறது, ஆனாலும் எந்த வயலிலும் வேலை முடிந்து வண்டியைக் கிளப்பினால், அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும், எங்கே ஒரு கட்டு அவிழ்ந்து கிடக்குமோ என்ற பயத்தில் நான் இன்னமும் திரும்பிப் பார்ப்பதில்லை.