ஹாலில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் மனைவியின் தங்கைக்காக. பாளையங்கோட்டையில் இருந்த அவளுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரல் போய்விட்டது. உதட்டசைவும் கைச்சாடையும்தான் மிச்சம். முகம் பார்க்காமல் அவளோடு பேச முடியாது. செல்போனின் சின்னத் திரையில் அந்த உதடுகளைப் படிக்க என் மனைவியின் கண்களால் ஆகவில்லை.

"கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு வாங்குங்க. கட்டில்ல சாஞ்சுக்கிட்டுப் பேசுதேன்" என்றாள் மனைவி. முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக நின்று தேய்ந்த முதுகு.

தில்லியில் கரோல் பாக் கடையில் விற்பனையாளர் டெஸ்க்டாப், லேப்டாப், டேப்லெட் மூன்றையும் காட்டினார். யாருக்கு என்று இந்தியில் கேட்டார். பதில் வருமுன்பே, "ஆன்ட்டிஜிக்கு என்றால் டேப்லெட்தான்" என்று அதை அவள் கையில் கொடுத்தார். அவள் அதன் எடையைப் பார்த்துவிட்டு, "அச்சா ஹை" என்று அவரிடம் இந்தியிலேயே மெச்சினாள்.

"அது பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்" என்றேன் நான். டெஸ்க்டாப்புக்குத் திரை பெரிது, கெட்டுப்போனால் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். எல்லாம் உண்மை.

"முடிவு பண்ணிட்டுத்தானே மெட்ரோ ஏறுனீங்க? என்னை எதுக்குக் கூட்டியாந்தீங்க, பை தூக்கவா?" என்றாள்.

நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. தங்கை கணவனை இழந்த வருடம், கொஞ்ச நாள் எங்களோடு தில்லியில் இருக்கலாமா என்று கேட்டாள். இடமில்லை என்று மறுத்தவன் நான். அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அதைத்தான் பேசுவார்கள் என்று பயந்தேன். டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போக முடியாதல்லவா?

ஹாலில் சோபாவுக்கு எதிரே அதை வைத்தேன். மனைவிக்கு இயக்கக் கற்றுத் தரவில்லை. தினமும் பதினோரு மணிக்கு நானே இணைத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வேன். காமிராவில் அவள் தோளுக்கு மேல் நானும் தெரிவேன். தங்கையின் கைகள் அவசரமாக ஏதோ சொல்லத் தொடங்கும். அவள் பார்வை என் மேல் விழும். கைகள் மடியில் இறங்கிவிடும். 'அத்தான்' என்று உதட்டை அசைத்துச் சிரிப்பாள். அந்த ஒரு சொல்தான் எனக்குப் படிக்கத் தெரியும். அப்புறம் மருந்து, கஞ்சி, மழை.

"இன்னைக்குக் காய் வாங்கப் போகலியா?" என்று மனைவி இரண்டு மூன்று முறை கேட்டாள். அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"வெயிலா இருக்கு" என்றேன்.

சில மாதங்களில் தங்கை இறந்துபோனாள். அடக்கம் முடிந்து தில்லிக்குத் திரும்பிய மறுநாள் மனைவியிடம் கேட்டேன்:

"அவ என்னமோ சொல்ல வருவாளே, என்ன அது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் இருந்தீங்களே."

கோபத்தில் சொல்லவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால் நர்ஸ் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

அந்தக் கடையில் நான் எதை வாங்கியிருந்தாலும் என் புத்தி என்னோடுதான் வந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. டெஸ்க்டாப் மேல் பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை. தினமும் அரை மணி நேரம் நான் எழுந்து பால்கனிக்குப் போயிருக்கலாம். சோபாவிலிருந்து எட்டு அடிகூட இருக்காது.