ஸ்டூலில் தங்காத வள்ளித்தாய்

வள்ளித்தாய் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கல்லூரியில் யாரும் கிடையாது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் புதிதாக எழும்பியிருந்த பெண்கள் கல்லூரி. அதன் விடுதிச் சமையலறை அவள் ராஜ்யம். காய் நறுக்குவதும் நின்றபடி, சாப்பிடுவதும் நின்றபடி. வாய்க்கும் ஓய்வு கிடையாது. புருஷன் மாடக்கண்ணு ஆலங்குளத்தில் போலீஸ் ஏட்டு. லீவு கிடைத்தால் பஸ் பிடித்து அவளைப் பார்க்க வருவார். வந்தால் ரெண்டு வார்த்தை பேசுவார். மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள்.

அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசி. சீசன் கூட்டமெல்லாம் கலைந்து, குற்றாலத்துக் குரங்குகள் கடலைக்கு ஏங்கிக்கொண்டிருந்த சமயம், கல்லூரியில் கலைவிழா வைத்தார்கள். ஒரு வகுப்பில் வீணை, இன்னொன்றில் பாட்டு, தாவரவியல் அறையில் மூலிகைக் கண்காட்சி. முன்மண்டபத்தில் ஓவியப் போட்டி. நடுவர் துல்கர்னைன், கடையநல்லூர்ப் பக்கம் டிராயிங் மாஸ்டர். ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். உட்கார ஆள் வேண்டுமே? விரிவுரையாளர்களுக்கெல்லாம் வெட்கம். வார்டனம்மா வள்ளித்தாயைக் கூப்பிட்டார்.

"ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாப் போதும் வள்ளி."

"சும்மாவா? நான் என்ன சீக்காளியாம்மா?"

அப்படிக் கேட்டாளே தவிர, மறுநாள் காலையில் சுங்குடிச் சேலையும் பவுடருமாக வந்து நின்றாள். இரண்டு மூக்குத்தியையும் புளி போட்டு விளக்கியிருந்தாள். கரண்டியை மட்டும் கீழே வைக்க மறந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பென்சிலைச் சீவினார்கள்.

"யக்கா, அசையாதீங்க."

"அசையலட்டி. மூச்சாவது விடலாமா? ஏட்டி பேராச்சி, மூக்குத்தி ரெண்டையும் போட்டிரு. ஒண்ணை விட்டேன்னு வையி, நாளைக்கு ரெண்டாவது அப்பளம்னு வந்து நிப்பேல்ல, அப்பம் பாத்துக்கிடுதேன்."

ராயகிரிப் பேராச்சி அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. சமையலறைப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது.

"சாம்பாரு அடிபிடிக்குது. இந்தா வந்துட்டேன்."

போனவள் திரும்பி வந்து வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். மறுபடி ஓடினாள், இந்தத் தடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பெண்களின் தாள்களில் மூக்கு குற்றாலத்தையும் கண் தென்காசியையும் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை கரண்டியை ஸ்டூலில் போட்டுவிட்டு ஓடியவள், தாளிப்பில் எல்லாவற்றையும் மறந்துபோனாள்.

சிவகிரியிலிருந்து வந்த முத்துவடிவுக்கு மெதுவான கை. அவள் பென்சிலைத் தூக்கும்போதெல்லாம் ஸ்டூல் காலியாக இருந்தது. தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. மணி அடிக்கப் போகிறது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரில் இருந்ததை வரைந்தாள். ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு கரண்டி. கீழே "வள்ளித்தாய்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தது. காபித் தட்டோடு வந்த வள்ளித்தாய் எழுத்துக்கூட்டித் தன் பேரை வாசித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு துல்கர்னைனைப் பார்த்தாள்.

"ஸார், இதுவா நான்? எனக்கு நாலு காலா?"

"அம்மா, நீங்க படத்துல இல்லங்கிறதுதான் இதுல…"

"இல்லாதவளுக்கு எதுக்கு ஸார் பிரைஸு?"

துல்கர்னைன் காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து மாடக்கண்ணு உடுப்போடு உள்ளே வந்தார். வள்ளித்தாய்க்கு நியாயம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இஞ்சேருங்க, நீங்க போலீசுதானே? இதுல எது நான்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

மாடக்கண்ணு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆள் அடையாளம் காட்டும் அணிவகுப்பைப் பார்வையிடுவது போல ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். மீசை நிழல் விழுந்த வள்ளித்தாயைத் தாண்டினார். ஒன்றரைக் கண் வள்ளித்தாயை உற்றுப் பார்த்துவிட்டுத் தாண்டினார். ஸ்டூலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இதான்."

படத்திலிருந்த கரண்டியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கல்யாணமான நாள்லயிருந்து நான் இதத்தான் பாக்கேன். உக்காரு உக்காரும்பேன். திரும்பிப் பாத்தா ஆளிருக்காது."

அவர் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை ஒரே சமயத்தில் வந்து வள்ளித்தாய் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் புளி போட மறந்திருந்தாள். யாரும் குறை சொல்லவில்லை.

ஸ்டூல் படம் முதல்வர் அறைக்குப் போனது. பேராச்சி வரைந்ததற்குப் பரிசு ஒன்றும் இல்லை. அதில் வள்ளித்தாய்க்கு இருபது வயது. மீன் போலக் கண், தலை நிறையப் பூ, மூக்குத்தி இரண்டு. அதை அவளே கேட்டு வாங்கி, தென்காசிக் கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆலங்குளத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மாடக்கண்ணு ரிட்டயர் ஆனதும் அவளும் வேலையை விட்டு ஊருக்கு வந்தாள். முன்கட்டில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"மகளாக்கா?"

"நான்தான். காலேஜ்ல இருந்தப்ப வரஞ்சது."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு இங்கிலீஷில் தந்தி வந்தாலும் நேரே அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். வள்ளித்தாய் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, மாடக்கண்ணு பக்கம் நீட்டுவாள்.

"கண்ணாடிய எங்கன வச்சேன்னு தெரியல. இஞ்சேருங்க, இத நீங்களே வாசிங்க."