மூடியில் வைத்த சோப்பு

வேலை முடிந்ததும் சவுரிமுத்து சட்டைப் பையிலிருந்து பார் சோப்புத் துண்டு ஒன்றை எடுப்பார். எச்சில் தொட்டு, கட்டைவிரலால் பிசைந்து, புல்வெட்டும் மிஷினின் பெட்ரோல் மூடியில் இருந்த குண்டூசித் துளையில் அப்புவார். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். மனசு கேட்காமல் இன்னொரு முறை அழுத்துவார்.

சேலையூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவ மிஷன் வளாகத்தில் அவருக்குப் புல் வெட்டுகிற வேலை. எண்பத்தெட்டு ஐப்பசியில் கொட்டகை ஒழுகி, அந்தத் துளை வழியாகப் பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிட்டது. பெட்ரோல் ஊற்றச் சொன்னால் மழையைப் பிடித்து ஊற்றி வைத்திருக்கிறாயே என்று மேனேஜர் வேதசிரோமணி எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று பிடித்த பழக்கம்தான் இந்தச் சோப்பு.

தை பிறந்து புல் முழங்காலைத் தொட்டபோது மிஷினை வெளியே எடுத்தார். கயிற்றை இழுத்ததும் பிடித்தது. இரண்டு வரிசை ஓடி, இருமி, நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தார். ஓடியது. மறுபடி நின்றது. பழைய தண்ணீர்தான் இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று டேங்கைக் காலி செய்து வெயிலில் காயவைத்தார். பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தார். எதற்கும் அது மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஷனின் ஆண்டு விழா. அதற்குள் புல் இறங்காவிட்டால் வேலையைக் காண்டிராக்டில் விட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையும் போகும். இடுப்பு ஒடிந்த அவர் மனைவி செல்வமேரி அங்கேதான் படுத்துக் கிடந்தாள். மிஷின் சத்தம் கேட்கிறவரை கண்ணை மூடியிருப்பாள். நின்றதும் திறந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை, தாம்பரத்து ஸ்கூட்டர் மெக்கானிக் பக்தவச்சலத்தைக் கையோடு கூட்டிவந்தார். அவன் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தான், கார்புரேட்டரை ஊதினான், கயிற்றை இழுத்தான். டீ குடித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணா, ராஜா மாரி ஓடிகினு கீது. இதுக்கா என்னிய இம்மாந்தூரம் இட்டாந்த?"

சவுரிமுத்து அறைக்கு ஓடிப்போய் செல்வமேரியிடம் சொல்லிவிட்டு வந்தார். மெக்கானிக் கிளம்பியதும் மூடியைத் திருகினார். சோப்பு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. புதிதாக வைத்து அழுத்தினார்.

மறுநாள் காலை வேதசிரோமணி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் வரிசை நன்றாகப் போனது. இரண்டாவதில் திரும்பும்போது மிஷின் இருமியது. சவுரிமுத்து கைப்பிடியை விடவில்லை. நின்றுபோனதையே புல்லுக்குள் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார்.

"விட்டுடு சவுரி. போதும்."

"நேத்து ஓடுச்சு சார். மெய்யாலுமே ஓடுச்சு."

"நான் பாக்கறப்ப ஓடலியே."

மாசக் கடைசியில் செல்வமேரியைக் கட்டிலோடு டெம்போவில் ஏற்றி ஊரப்பாக்கத்துத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். வண்டி கிளம்புகிற நேரத்தில் இறங்கி, கொட்டகைக்குள் போய் மூடியைத் தடவிப் பார்த்தார். சோப்பு கெட்டியாகவே இருந்தது.

மிஷினைக் கேளம்பாக்கத்துத் தோட்டவீட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். அங்கேயும் அது நின்று நின்று போக, அவர் பக்தவச்சலத்திடமே கொண்டுவந்தாராம். இது தெரியவந்தபோது சவுரிமுத்து செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்தவச்சலம் ஒரு குண்டூசியை எடுத்து மூடியிலிருந்த சோப்பைக் குத்தி எடுத்திருக்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. அந்தத் துளை காற்று உள்ளே போவதற்காக வைத்தது. அதை அடைத்தால் பெட்ரோல் கீழே இறங்காது.