இரண்டரை என்றால் இரண்டரை

எனக்கு என் மேல்தான் கோபம். அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில், நத்தார் லீவில் பிள்ளைகள் இருவரையும் பாலே நடனம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனுசனுக்கு ரெஸ்ரோரன்ட் வேலை, வரவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. புதன்கிழமைகளில் பாலே வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தியை அந்த நிகழ்ச்சியில் எலி வேஷத்துக்கு எடுத்திருந்தார்கள். முதல் பாதியில் மட்டும்தான் வருவாள். உன்னைப் பார்த்துக் கை காட்டுவேன் என்று மகள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு மாதமாக வீட்டில் வேறு கதை இல்லை.

ரிக்கெற்றில் இரண்டரை மணி என்று போட்டிருந்தது. நான் நம்பவில்லை. பாரிசில் எங்கள் ஆட்களின் விழாக்களுக்குப் போய்ப் பழகினவள் நான். அழைப்புக் கார்ட்டில் நாலு மணி என்றால் ஆறு மணிக்குத்தான் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். நேரத்துக்குப் போனால் கதிரை அடுக்க விடுவார்கள்.

காலையில் லா சப்பல் மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. ஒரு மணிக்கு வந்து, முழுகி, சேலை உடுத்தேன். மகள் ஒன்றரைக்கே சப்பாத்தும் போட்டுக் கதவடியில் நின்றாள்.

"அம்மா, வெளிக்கிடுங்கோ. ரெண்டரைக்குத் தொடங்கும்."

"ஓம், தொடங்கின மாதிரித்தான். பொறு, சீப்பை எடு, தம்பிக்குத் தலை இழுக்கவேணும்."

"கதவைப் பூட்டிப்போடுவினம்!"

"கதவைப் பூட்ட அது என்ன பாங்கே?"

பிறகு சேலைக்குக் குத்த ஊசி தேடினேன். அவள் படியில் இறங்குவதும் ஏறுவதுமாக நின்றாள். மார்க்ஸ் டோர்மோயில் மெத்ரோ ஏறும்போது இரண்டு இருபது. இடம் இருந்தும் அவள் இருக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேசனாக விரலில் எண்ணிக்கொண்டு வந்தாள்.

போய்ச் சேர மூன்று மணி. வெளி மண்டபத்தில் ஒரு சனமும் இல்லை. கதவடியில் நின்ற பெண், இடைவேளை வரை யாரையும் விடமாட்டோம் என்றாள். அமைதியாகத்தான் சொன்னாள். நான்தான் கத்தினேன். அவள் சுவரில் இருந்த சின்ன டிவியைக் காட்டினாள். அதில் மேடை தெரிந்தது. எலிகள் ஓடின. ஒவ்வொன்றும் பயறளவு. மகள் டிவிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா ஆருக்குக் கை காட்டுறா?" என்றான் மகன்.



இரண்டாம் பாதியை நல்ல இடத்தில் இருந்து பார்த்தோம். என்ன ஆடினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் சிநேகிதி எலிக்காதோடு ஓடி வந்தாள். தாயும் பின்னால் வந்தாள். "என்னைக் கண்டாயா?" என்று சிநேகிதி பிரெஞ்சில் கேட்டாள். நான் முந்திக்கொண்டு, மெத்ரோ இடையில் நின்றுவிட்டது என்றேன்.

"பொய்," என்றாள் மகள், அதுவும் பிரெஞ்சில். "நான் காணவில்லை. அம்மா ஊசி தேடிக்கொண்டு நின்றவ."

சிநேகிதி காதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த சனி, பாரிசுக்கு வெளியே பொண்டியில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. கார்ட்டில் நாலு மணி. மகள் எல்லோரையும் மூன்று மணிக்கே வெளிக்கிடுத்திவிட்டாள். போய்ப் பார்த்தால் மண்டபம் பூட்டிக் கிடந்தது. சரியான குளிர்.

"உங்களுக்கெல்லாம் விசரே?" என்றார் மனுசன். "ஆறு மணிக்கு முதல் நாய்கூட வராது."

"வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ," என்றேன்.

மகள் என் போனை வாங்கி நேரம் பார்த்தாள்.

"நாலு," என்றாள்.