கண்காட்சியில் இருந்த குடங்கள் தண்ணீர் பிடிக்கப் போயின

தாராவியில் தண்ணீரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து போய் வந்தேன். அதில் ஒரு மேசை என் பேத்தி நந்தினியுடையது. காலேஜில் இரண்டாம் வருஷம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அவள் எழுதிய அட்டைகளைக் கண்ணாடி போடாமலே படித்தேன், எழுத்து அப்படி.

ஞாயிறு என்றால் மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்காகப் பாதி ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதனால் மூன்று மணிக்குச் சயான் பஸ் ஏறினேன். பத்து ரூபாய். ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும், நாற்பது நிமிடம் ஆனது. அங்கிருந்து கால் மணி நேரம் நடை.

என் தங்கை பேச்சியம்மாள் குடியிருக்கும் சந்தின் முனையில்தான் கூடம். உள்ளே நுழைந்ததும் மித்தி ஆற்றுத் தண்ணீரைப் பல இடங்களில் எடுத்து பாட்டில்களில் வைத்திருந்தார்கள். கடைசி பாட்டில் தார் மாதிரி இருந்தது. அடுத்தது நந்தினியின் மேசை. சந்துப் பெண்களிடம் கேட்டு வாங்கிய குடம், ஹண்டா என்கிற பெரிய தவலை, எண்ணெய் டின். கூடவே எங்கள் வீட்டு லாஃப்டில் கிடந்த பித்தளைக் குடம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ‘கோயில் கொடைக்கு மஞ்சள் நீர் எடுத்தது.’ ‘இது குடிதண்ணீருக்கு மட்டும், கை விடக் கூடாது.’

ஐந்து மணிக்கு மாட்டுங்காவிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்த மேசையை அங்கே பெரிய ஹாலில் ஒரு வாரம் வைப்பார்கள். அந்த நினைப்பில் நந்தினி மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அன்று காலை அந்தச் சந்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலே முக்காலுக்கு வெளியே சத்தம்: “ஏளா, தண்ணி வந்துட்டு!”

முதலில் உள்ளே வந்தது என் தங்கைதான். “ஏட்டி, எங் கொடத்த எடுக்கேன்.”

“சின்னாச்சி, அஞ்சு மணிக்கு மேடம் வராங்க!”

“மேடம் வருவாவ. தண்ணி நிக்குமா?”

மற்றவர்களும் வந்து எடுத்தார்கள். மேசையில் மிஞ்சியது எங்கள் பித்தளைக் குடமும் அட்டைகளும். நந்தினி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. அட்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே போய், வரிசையில் இருந்த குடங்களில் டேப் போட்டு ஒட்டினாள்.

மேடம் ஐந்து பத்துக்கு வந்தார். வரிசையோடு குனிந்து படித்துக்கொண்டே போனார்.

“படிச்சிட்டு நவருங்கம்மா, பின்னால லைன் நிக்குல்லா” என்றாள் பேச்சி.

மேடம் நிமிர்ந்தார். “ரொம்ப நன்னா இருக்கு. எல்லாத்தையும் அப்படியே மாட்டுங்காவுக்குக் கொண்டு வந்துடுங்கோ, ஒரு வாரம்.”

நந்தினி சிரித்தாள். பேச்சி சிரிக்கவில்லை. “ஒரு வாரமா? அதுவர நாங்க எதுல பிடிக்க, ஒங்க ஹேண்ட்பேக்லயா?”

வரிசையே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் யாரும் குடத்தைத் தரவில்லை.

நந்தினியின் மேசை இப்போது மாட்டுங்கா ஹாலில், வரும் ஞாயிறு வரை. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, டிக்கெட் கிடையாது. சாயங்காலம் கூட்டம், காலையில் போங்கள். அவள் அட்டைகள் எல்லாம் சுவரில் இருக்கின்றன, சிலதில் ஈரம் பட்டு மை கலங்கியிருக்கும். குடம் ஒன்றுதான் இருக்கும், எங்கள் பித்தளைக் குடம். செம்பூரில் எங்கள் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது. அந்தக் குடத்தைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லை.