முகத்துவாரம் திறந்த காலை

எங்கள் அணியில் மூன்று பேர். நீந்துவது தங்கச்சி, சைக்கிள் மிதிப்பது நான், ஓடுவது அவளுடைய கணவர். எனக்கு மச்சான். ஒருவர் முடித்துவிட்டு வந்து கையில் தட்டினால்தான் அடுத்தவர் கிளம்பலாம். மூன்றையும் ஒருவரே செய்கிற சூரர்களும் இந்தப் போட்டிக்கு வருவார்கள். வயிறு முன்னால் வந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த மூவர் ஏற்பாடு. தங்கச்சி அந்தக் கணக்கில் சேரமாட்டாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இடுப்பில் வந்த நாரி நோவுக்கென்று நீந்தத் தொடங்கியவள். பிறகு அவள் ஆற்றில் இறங்கினால் இளம் பெடியன்கள்கூட வழிவிட வேண்டியிருந்தது. எங்கள் அணிக்கு ஏதாவது மரியாதை இருந்ததென்றால் அது அவளால் வந்ததுதான்.

ஆறு என்று நான் சொல்வது மட்டக்களப்பு வாவியை. எழுதும்போது வாவி, எங்கள் வாயில் எப்போதும் ஆறு. ஆனால் கடலோடு அது சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் அதற்கு ஓட்டமே கிடையாது. கோப்பையில் ஊற்றி வைத்த தேத்தண்ணி மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த மாதங்களில்தான் நாங்கள் எல்லோரும் போட்டிக்குப் பழகினோம். ஆறு ஓடினால் எப்படியிருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் நீந்திப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அது ஒரு குறையாக அப்போது எவருக்கும் படவில்லை.

மழைக்கு முன்னரே நடந்து முடிந்திருக்க வேண்டிய போட்டி. பிரதம விருந்தினருக்கு வசதிப்படவில்லை என்று இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள். நீந்தப் போவது அவரல்ல, மிதிக்கப் போவதும் அவரல்ல. இருந்தாலும் அவர் வந்து கொடி அசைக்காவிட்டால் ஆற்றில் தண்ணீர் வற்றிவிடும் என்று நடத்துபவர்கள் பயந்தார்கள் போல. அவர் நாள் கொடுத்த வாரத்தில் மழை தொடங்கியது. விட்டு விட்டுப் பெய்யும் மழையல்ல, இரவு பகல் தெரியாத மழை. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. ஆற்றின் மேற்கே படுவான்கரையில் விதைத்து முளைவிட்டிருந்த வயல் வட்டைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தங்கச்சியின் வயலும் அங்கேதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு வந்து சேர வேண்டும். மச்சானும் சித்தாண்டியிலிருந்து அப்படித்தான் நாவற்குடாவிலுள்ள தங்கச்சி வீட்டுக்கு வந்தார். வயல் அவளுடையது, செய்கிறவர் அவர். நல்ல உழைப்பாளி. அந்த ஏற்பாட்டை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. யாராவது பகிடிக்கு, "பொண்டாட்டிர வயல் எப்படி?" என்று கேட்டால் மட்டும் முகம் இறுகிப்போகும்.

ஆறு ஏறினால் விவசாயிகளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். முகத்துவார மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது. போய்க் கேட்டார்கள். வெட்டினால் ஆறு ஓடும், போட்டி முடிந்த கையோடு வெட்டுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். போட்டிக்கு முதல் நாள் மாலை தங்கச்சி வீட்டில் அதே பேச்சுத்தான்.

"இன்னும் ஒரு நாள் தண்ணி நிண்டா முளையெல்லாம் அழுகிப்போகும்" என்றார் மச்சான்.

"போட்டி முடிய வெட்டுவாங்கதானே. அழுகினா மறுகா விதைப்பம்" என்றாள் தங்கச்சி.

"விதைக்கிறது ஆரு? நீயா?"

"வயல் என்ட. நான் சொல்லுறன், ஒரு நாள் பொறுங்க."

அதை அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே பட்டது. ஆனால் நான் அவளுக்கு அண்ணன். "ஒரு நாள்தானே மச்சான்" என்று நானும் சொன்னேன்.

"ஓம். ஒரு நாள்தான்" என்றார் மச்சான். பிறகு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையில் மழை விட்டிருந்தது. நானும் தங்கச்சியும் கல்லடிப் பக்கத்து ஆற்றங்கரைக்குப் போனபோது மச்சான் வரவில்லை. வயலைப் பார்க்க இருட்டோடு போய்விட்டார் என்று அவள் சொன்னாள். நாங்கள் போய் நெடுநேரத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்கால் வரை வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. வயல் சேறு கறுப்பு. பார்த்தேன், பார்த்ததோடு சரி. என் கவனமெல்லாம் சைக்கிள் சங்கிலியில் இருந்தது.

ஆறு நிறைந்து, கலங்கி, அப்படியே நின்றது. எங்களுக்கு முன்னால் ஆற்றுவாழை என்கிற நீர்ச்செடிக் கூட்டம் ஒன்று பச்சையாய் மிதந்தபடி கிடந்தது. அது இடத்தைவிட்டு நகரவில்லை. "நல்ல தண்ணி" என்றாள் தங்கச்சி. செம்மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு கைகளைச் சுழற்றினாள்.

குறித்த நேரம் வந்தது, போனது. பிரதம விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. வெயில் ஏறியது. மறுபடியும் வந்துகொண்டிருக்கிறார் என்றது. மச்சானால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கரையோரம் போவார், வடக்கே பார்ப்பார், திரும்பி வந்து, "எப்ப தொடங்குறாங்களாம்?" என்று கேட்பார். கடைசியில் நடத்துபவர்களிடம் போய், "அந்தாள் வராட்டி என்ன? ஆக்கள இறக்குங்க! நேரம் போகுது!" என்று கத்தினார். அதிர்ந்து பேசாத மனிதர். நான் சிரித்தேன்.

"கடைசியா ஓடப்போற உங்களுக்கு என்ன மச்சான் இவ்வளவு அந்தரம்?"

அவர் மறுபடியும் வடக்கே பார்த்தார். தனக்காகத்தான் சண்டை பிடிக்கிறார் என்று தங்கச்சிக்குச் சந்தோஷம். அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். அவர் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த வாய் திறந்து மூடியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

விருந்தினர் வந்தார். மாலை, விளக்கு, உரை, அதற்கு நன்றியுரை. ஒன்றும் குறையவில்லை. கொடி அசைந்தது. எல்லோரும் தண்ணீரில் பாய்ந்தார்கள்.

நான் தலைக்கவசத்தை மாட்டி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். செம்மஞ்சள் தொப்பி முன்வரிசையில் போனது. முதல் மிதவையைத் தாண்டியது. பெருமையாக இருந்தது. அப்போதுதான் ஆற்றுவாழைக் கூட்டம் கண்ணில் பட்டது. அது நின்ற இடத்தில் இல்லை. வடக்கே, முகத்துவாரப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு தேங்காய் மட்டை, ஒரு போத்தல், ஒரு செருப்பு. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில்.

இரண்டாவது மிதவையில் திரும்ப வேண்டியவர்கள் திரும்பினார்கள். கரையைப் பார்த்துக் கை போட்டு நீந்தினார்கள். ஆனால் கரைக்கு வரவில்லை, பக்கவாட்டில் வடக்கே போனார்கள். கரையில் நின்றவர்கள் விசில் ஊதத் தொடங்கினார்கள். காவலுக்கு நின்ற தோணிகள் கிட்ட இருந்தவர்களை ஏற்றத் தொடங்கின. முதலில் போனவள் எல்லோரையும்விடத் தூரத்தில் இருந்தாள்.

"மச்சான், ஆறு ஓடுது!"

அவர் நிலத்தில் குந்திவிட்டார்.

"விடியச்சாமத்தில முகத்துவாரத்த வெட்டினம்" என்றார். "ஒரு முழம் வாய்க்கால்தான் மச்சான். தண்ணி அத அரிச்சுப் பெருப்பிக்க முதல் நீச்சல் முடிஞ்சிரும் எண்டு…"

அடிக்கக் கை ஓங்கினேன். அடித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சைக்கிளில் ஏறினேன்.

என் பாதை தெற்கே, களுதாவளைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவது. நான் வடக்கே திருப்பினேன். "அண்ணன், பாதை அங்கால! கிறுகுங்க, கிறுகுங்க!" என்று பின்னால் கத்தினார்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே முகத்துவாரத்துக்குப் போகும் தெரு அது. வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் இடையில் ஆறு தெரியும், மறையும். தெரிகிற இடத்திலெல்லாம் செம்மஞ்சள் புள்ளியைத் தேடினேன். ஒரு தடவை அவள் எனக்குப் பின்னால் இருந்தாள். அடுத்த தடவை சமமாக. அதற்கடுத்த தடவை தொப்பியைக் காணவில்லை. இத்தனை மாதம் எதற்கு மிதித்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் போதாமல் இருந்தது. யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுகொண்டே மிதித்தேன்.

தெரு முடிந்து மணல் வந்தது. மெல்லிய சில்லு புதைந்தது. சைக்கிளை எறிந்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி ஓடினேன்.

முகத்துவாரத்தில் சனம் நின்றது. விவசாயிகள், தோளில் மண்வெட்டியோடு. சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு முழ வாய்க்கால் அங்கே இல்லை. இருபக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழ, ஆறு முழுவதும் இரைந்துகொண்டு கடலுக்குள் போனது. அந்த இரைச்சலில் உரக்கக் கத்தினால்தான் ஒரு சொல்லாவது கேட்டது.

முகத்துவார வாய்க்குச் சற்று உள்ளே இறால் வலைக்காக நட்ட கம்புகள் ஒரு வரிசை இருந்தது. கடைசிக் கம்போடு ஒரு தலை ஒட்டியிருந்தது. தங்கச்சி. தண்ணீர் அவள் தோளுக்கு மேலால் போனது. கம்பு வளைந்து வளைந்து நிமிர்ந்தது.

அதற்குள் மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். விவசாயிகளின் உழவு இயந்திரத்தில் கிடந்த கயிற்றை யாரோ எடுத்துக் கொடுக்க, எனக்கு முந்தி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரைப் பார்த்தும் அவர் தயங்கவில்லை. கம்பு கம்பாகப் பிடித்துப் பிடித்து அவளிடம் போய்ச் சேர்ந்தார். கையை நீட்டினார்.

"புள்ள, கையத் தா!"

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு கரையில் நின்றவர்களைப் பார்த்தாள், அவர்களின் மண்வெட்டிகளைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். கையைக் கொடுக்கவில்லை. கம்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"தா புள்ள! கம்பு முறியப் போகுது!"

அவர் அழுதார். நான் கரையிலிருந்து, "குடு! கையக் குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிரவில்லை. எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு விவசாயி, பருத்த மனிதர், அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மச்சானைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினார். அவருக்கு உடனே கொடுத்தாள்.

மற்ற எல்லோரையும் தோணிகள் ஏற்றிவிட்டதாகப் பிறகு அறிந்தோம். அவளுக்கு அந்த நேரம் புத்தி மாறாடிவிட்டது, ஆளைத் தெரியவில்லை என்று மச்சான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொந்தக்காரரும் அதைத்தான் நம்பினார்கள், நம்புவது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. நான் அவள் கண்ணைப் பார்த்தவன். அது தெளிவாக இருந்தது.

மணலில் குப்புறக் கிடந்து குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தாள். மச்சான் துவாயைக் கொண்டுவந்து தோளில் போர்த்தினார். அவள் அதைத் தட்டிவிடவில்லை, அவர் பக்கம் திரும்பவுமில்லை. என் கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அண்ணா, இவர என்ட வீட்ட வர வேணாம் எண்டு சொல்லுங்க."

அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் பக்கம் திரும்பி, சொன்னேன்.