சீட்டில் ஆள் இல்லை

புல்லுக்காரர் என்றால் அந்த ஊரில் ஒருவர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்தையே தன் பொறுப்பில் எடுத்தார் என்றால் அது சும்மா வந்ததா? யார் சிபாரிசும் கிடையாது. முதலில் தள்ளிக்கொண்டு போகிற மெஷின். தோள்பட்டை கழன்று விழாத குறை. அப்புறம்தான் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி.

வண்டி வாங்கப் போன அன்று கடைக்காரர் பெயின்டைக் காட்டினார், விளக்கைக் காட்டினார், தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியைக்கூடக் காட்டினார். புல்லுக்காரர் மசியவில்லை. “முன்பக்கத்தைத் தூக்குங்க, அடியப் பாக்கணும்” என்றார். கத்தி சுற்றுகிற தகரக் கூண்டு கனமாக இருக்கிறதா, பெல்ட்டை மாற்றக் கை நுழைகிறதா, அதைப் பார்க்க வேண்டும். மேலே பார்த்து வண்டி வாங்குகிறவன் பிறகு கீழே படுத்துத்தான் அழ வேண்டும்.

ஆனால் அவர் கண்ணும் கடையிலேயே பெரிய வண்டி மேல்தான் இருந்தது. அப்போது வீட்டம்மா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள்.

“என்னடி இது?”

“பள்ளிக்கூடத்துக் கேட்டோட அகலம். அளந்து எடுத்துட்டு வந்தேன். இதுக்குள்ள உங்க யானை நுழையுதா பாருங்க.”

நுழையவில்லை. ஒரு சாண் இடித்தது. அதற்கடுத்த அளவைத்தான் வாங்கினார்கள். நாளாக நாளாக, அந்தக் கயிறு யோசனை தன்னுடையது என்று புல்லுக்காரர் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் மறுக்கவே இல்லை. “ஆமா, மூளையெல்லாம் அவருக்கு. எனக்கு வெறும் கயிறு” என்பாள்.

வண்டி ஓட்டியது அவள்தான். அவருக்கு முதுகு குலுக்கல் தாங்காது. சுவரோரம், மரத்தடி, கம்பத்தடி எல்லாம் அவர் கைமெஷினோடு பார்த்துக்கொள்வார், நடுமைதானம் அவளுடையது. கோடு பிசகாமல் போவாள். வேலை முடிந்ததும் வண்டி அவர் கைக்கு வரும். அடிக்கூண்டில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டுவார். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பார். கத்தியைக் கழற்றிச் சாணை பிடித்து, சுவரில் அடித்த ஆணியில் நடுவே மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபடியும் அரம். அவர் வண்டி நடுவழியில் நின்றது என்று சொன்னவன் கிடையாது.

அந்த வண்டி ஒருநாள் நடுமைதானத்தில் நின்றது.

கிளப்பினாள், ஓடியது. கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு, திரும்பவும் பொட்டென்று அணைந்தது. பிளக்கை மாற்றினார். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினார். ஏர் ஃபில்டரைத் தட்டினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். அவர் ஏறி ஓட்டினால் பூனைக்குட்டி மாதிரி போகிறது. அவள் ஏறினால் நிற்கிறது.

“வண்டிக்கு உன்னப் புடிக்கல. அவ்வளவுதான்” என்று சிரித்தார்.

“உங்களையே இத்தனை வருசம் ஓட்டியிருக்கேன். இது என்ன பெரிய வண்டி?”

சில வாரங்கள் போனதும் சிரிப்பு போய்விட்டது. “சீட்டுல ஒழுங்கா உக்காந்தா என்ன? எந்திரிச்சு எந்திரிச்சு எதை எட்டிப் பாக்குற?” என்று மைதானமே கேட்கக் கத்தினார். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் தன்னைத் தானே கீழே அழுத்திக்கொண்டு ஓட்டினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பார்க்கவில்லை. அவர் காது எஞ்சின் மேல் இருந்தது.

தன் வண்டியில் வேறொருவன் கைவைக்க அவர் விட்டதில்லை. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஊரில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். ஸ்பேனர் ஒரு சுற்று ஓட்டினான்; குறை ஒன்றுமில்லை. “அண்ணி, நீங்க ஏறுங்க” என்றான். அவள் ஏறினாள். முதல் மேட்டிலேயே வண்டி நின்றது.

ஸ்பேனர் அவளை இறங்கச் சொல்லி, சீட்டைத் தூக்கி அடியில் இருந்த சின்னக் கறுப்புப் பொத்தானைக் காட்டினான். “அண்ணே, ஓட்டுற ஆளு கீழ விழுந்துட்டா கத்தி சுத்தக் கூடாதுல்ல. அதுக்குத்தான் இது. சீட்டுல பாரம் இல்லைன்னா எஞ்சினை அணைச்சிரும்.”

“அது எனக்குத் தெரியாதா? சுவிட்ச் போயிருச்சா?”

“சுவிட்ச் நல்லாத்தாண்ணே இருக்கு.”

“ஸ்பிரிங்கு?”

“ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருக்கு.” அவன் வண்டியைப் பார்க்கவில்லை. “அண்ணி, நீங்க உடம்புக்குப் பாத்தீங்களா?”

“நீ வண்டியப் பாருடா” என்றாள் அவள்.

புல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. “என்னடா உளர்ற? ஆளு உக்காந்திருக்கா, பாரம் இல்லைங்கிற?” என்று சொல்லிக்கொண்டே, அவன் வாயை அடைப்பதற்காகவே அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிச் சீட்டில் வைத்தார். கல்யாணமான புதிதில் அவளைத் தூக்க முயன்று மூச்சு வாங்கியவர் அவர். இப்போது காலி பெட்ரோல் டின் வந்த மாதிரி வந்தாள். கைக்குள் விலா எலும்பு தட்டுப்பட்டது. துளி வலுக்கூடத் தேவைப்படவில்லை.

ஸ்பேனர் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

“பசிக்கல. அவ்வளவுதான். வண்டி சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். வயிற்றில் வந்த புற்று ஈரல் வரைக்கும் போயிருந்தது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். எண்ணெய்க் குச்சியை வாரம் தவறாமல் உருவிப் பார்த்த மனிதர், அந்தக் கேள்விக்கு எதைச் சொல்வார்? வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றா?

மழை வந்தது, புல் வளர்ந்தது. மைதான வேலையை அவரே முதுகு வலியோடு பார்த்தார். அவள் கட்டிலில் இருந்தாள். ஒரு காலை வேளை, “என்னங்க, ஒரே ஒரு சுத்து ஓட்டணும்” என்றாள்.

“நின்னு போகும்டி.”

“அந்த ஒயரை என்னமோ பண்ணினா நிக்காதாமே.”

அவர் ஸ்பேனரிடம் போனார். “சீட்டு சுவிட்சோட ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விடுடா.”

“அண்ணே, வேண்டாம். அண்ணி விழுந்துட்டாங்கன்னா கத்தி சுத்திக்கிட்டே இருக்கும்.”

“கத்தி இருந்தாத்தானே சுத்தும்” என்றார்.

கத்தி இரண்டையும் அவரே கழற்றி வைத்தார். பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீட்டில் வைத்தார். தலையணை ஒன்றை முதுகுக்குக் கொடுத்தார். வண்டி கிளம்பியது. சீட்டின் முதுகைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நடந்தார். மேடு வந்தது, வண்டி நிற்கவில்லை.

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். “கத்தியைக் கழட்டிட்டீங்களா?”

“சாணைக்குக் குடுத்திருக்கேன்.”

“ம்” என்றாள். தினமும் அந்தச் சத்தத்தில் வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கோடு பிசகாமல்தான் ஓட்டினாள். சக்கரம் மிதித்த புல் பின்னால் மெல்ல நிமிர்ந்துகொண்டது. கேட்டில் நின்ற காவல்காரர், “என்ன புல்லுக்காரரே, வெட்டவே காணோம்?” என்றார்.

“அண்ணே, இன்னைக்கு அவரு கூலிக்கு வரல, காவலுக்கு வந்திருக்காரு” என்றாள் அவள்.

அந்த ஒரு சுற்றிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. மரநிழலுக்கு வந்ததும், “போதும்” என்றாள். அவர் கையைக் கொடுத்து அவளை அள்ளி எடுத்தார். சீட்டு காலியானது. எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க, பெட்ரோல் வீணாகுது” என்றாள்.

அவரால் சாவியைத் தொட முடியவில்லை. இரண்டு கையிலும் அவள் இருந்தாள். இறக்கி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.